ஏட்டம்மாவின் புல்தரை

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்: ஏட்டம்மா, சென்னையிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் காலை பஸ்ஸில் வந்து இறங்கிய அவருடைய மகன், அந்தத் தம்பி வரவழைத்திருந்த கல் கான்ட்ராக்டர், கிடைக்காரர், வீட்டு வேலை பார்த்த நான். இவர்கள் போக எழுபது செம்மறி ஆடுகள். ஆடுகளையும் சேர்க்க வேண்டுமா என்றால், சேர்த்துத்தான் ஆக வேண்டும். வந்த வம்பெல்லாம் அவற்றால் வந்ததுதான்.

வைகாசி மாதம். மேலகரத்திலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் ஏட்டம்மாவுக்கு நாலு ரூம் இருந்தது. சீசனுக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிற ரூம்கள். ரூம் வாசலிலிருந்து ரோட்டுக் கேட் வரைக்கும் புல்தரை. அந்தப் புல்தரையில்தான் ஆடுகள் அசைபோட்டுக்கொண்டு படுத்திருந்தன, முன்பணம் கட்டி ரூம் எடுத்தவர்கள் மாதிரி. கேட்டைத் திறந்த தம்பி பையைக் கீழே வைக்க இடமில்லாமல் நின்றார்.

"எம்மா, இது என்ன?"

ஏட்டம்மா வாசல்படியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். "கிடை போட்டிருக்குலே. ரெண்டு ராத்திரிக்குப் பேசியிருக்கேன்" என்றார், கேஸ் சிலிண்டர் வந்திருக்கிறது என்று சொல்கிற குரலில்.

எங்கள் பக்கம் அறுப்பு முடிந்த வயலில் கிடை போடுவது வழக்கம். ராத்திரி முழுக்க ஆடுகளை வயலிலேயே அடைத்து வைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். அதற்குக் கிடைக்காரருக்குக் கூலியும் உண்டு. வயலுக்குச் செய்கிறதைப் புல்தரைக்குச் செய்தவர் எனக்குத் தெரிந்து ஏட்டம்மா ஒருவர்தான். முந்தின நாளிலிருந்தே எனக்குப் பயம்தான். ஆடு ரூமுக்குள் போய்விட்டால், கட்டில் மேல் ஏறிவிட்டால், கேட் திறந்து ரோட்டுக்கு ஓடி லாரியில் விழுந்துவிட்டால் என்று ராத்திரி படுக்கையில் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். தம்பி வந்து நிற்பார் என்பதை மட்டும் நான் எண்ணிப் பார்க்கவில்லை. நான் பயப்படுகிற எதுவும் நடக்காது. பயப்பட மறந்ததுதான் நடக்கும். அதனால்தான் எதையும் விட்டுவிடாமல் பயப்பட வேண்டியிருக்கிறது.

ஏட்டம்மா போலீஸில் இருந்தவர். ஓய்வு பெறும்போது எஸ்.எஸ்.ஐ. ஆகிவிட்டார், தோளில் நட்சத்திரமெல்லாம் வந்துவிட்டது. ஆனாலும் ஏட்டாக இருந்த காலத்தில் ஊர் வாயில் ஏறிய பெயர் கடைசிவரை இறங்கவில்லை. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், அதுவரை வீட்டில் பீடி சுற்றிக்கொண்டிருந்தவள். போலீஸ்காரம்மா வீட்டில் வேலை என்றதும் லத்தியும் மிரட்டலும்தான் கண்ணுக்கு முன்னால் வந்தன. போன முதல் நாளே ஒரு கண்ணாடித் தம்ளரை உடைத்தேன். ஏட்டம்மா உடைந்த துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அழாதட்டி. பேசி முடிச்சிருவோம்" என்றார்.

பேசி முடித்தது இப்படி: இனிமேல் கண்ணாடித் தம்ளர் கழுவுவது அவர் வேலை, பால் காய்ச்சுகிற பாத்திரம் கழுவுவது என் வேலை. சரி என்று சந்தோஷமாகத் தலையாட்டினேன். வீட்டுக்குப் போகிற வழியில்தான் யோசித்தேன். கண்ணாடித் தம்ளர் மொத்தமே மூன்றுதான் மிச்சம் இருந்தது. அடிப்பிடித்த பால் பாத்திரம் ஆயுளுக்கும் என் தலையில் விழுந்திருந்தது. ஆனாலும் கோபம் வரவில்லை. ஏட்டம்மாவிடம் ராஜி பேசிப் போகிற எல்லாருக்கும் அப்படித்தான். ஜெயித்த மாதிரி இருக்கும், வேலை மட்டும் கூடியிருக்கும்.

ஸ்டேஷனிலும் அப்படித்தானாம். ஒரே ஒரு தென்னை மரத்துக்காக மண்டையை உடைத்துக்கொண்டு அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்தார்களாம். கேஸ் போடாமல் உட்கார வைத்துப் பேசினாராம். மரத்தில் இருக்கிற காய் அண்ணனுக்கு, தானாகக் கீழே விழுகிறது எல்லாம் தம்பிக்கு. இரண்டு பேரும் கும்பிட்டுவிட்டுப் போனார்களாம். அதற்குப் பிறகு தம்பிக்காரன் வேலை வெட்டிக்குப் போகாமல் மரத்தடியில் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றான் என்பதை ஏட்டம்மாவே சொல்லிச் சிரிப்பார். "அடிதடி நின்னுச்சா இல்லையா, அதச் சொல்லு" என்பார்.

புல்தரை போட்டதற்கு அவர் சொன்ன காரணம் கால்தான். சீசனுக்குச் சீசன் மெயின் அருவியில் பந்தோபஸ்து. கூட்டத்தை ஒழுங்குபடுத்தி, விசில் ஊதி, நாள் முழுக்கச் சாரலிலும் தண்ணீரிலும் நிற்க வேண்டும். பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்தால் டூட்டி முடிகிறவரை அது உள்ளேயேதான் கிடக்கும். வீட்டுக்கு வந்து கழற்றிப் பார்த்தால் விரல் இடுக்கெல்லாம் வெந்து வெளுத்து, வேறு யாரோ ஒருத்தியின் கால் மாதிரி இருக்குமாம். வேலையை விட்டு வந்ததும் வெறுங்காலோடு நடக்க ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தார். அவ்வளவுதான்.

நர்சரிக்காரர் கம்பளம் மாதிரிச் சுருட்டி வைத்த வெளிநாட்டுப் புல்லைக் காட்டியிருக்கிறார். ஏட்டம்மா அதை விட்டுவிட்டு இலத்தூர் வயல் வரப்பில் போய் அருகம்புல்லைச் சாக்கு சாக்காகப் பிடுங்கி வந்து, துண்டு துண்டாக ஊன்றினார். அது ஊர்க்காரப் புல், நாம் பேசுவது அதற்குப் புரியும் என்பது அவர் கட்சி.

நிஜமாகவே பேசுவார். புல்லோடு மட்டுமில்லை, அதைச் சுற்றியிருக்கிற எல்லாவற்றோடும். குழாயடியில் கோரை முளைத்தது. கோரையை நான் அறிவேன். மேலே பிடுங்கினால் கீழே கிழங்கு சிரிக்கும். முழுத் தரைக்கும் பரவப் போகிறது என்று பதறிக்கொண்டு அரிவாளோடு ஓடினேன். ஏட்டம்மா தடுத்துவிட்டுக் கோரைக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். குழாயைச் சுற்றி இந்தக் கல் வரைக்கும் நீ இருந்துகொள், யாரும் தொட மாட்டோம், தாண்டினால் வேரோடு போவாய் என்று சொன்னார். பத்து நாளில் கோரை கல்லைத் தாண்டியது. நான் ஓடிப்போய்ச் சொன்னேன். "மொதத் தடவை. எச்சரிச்சு விடு" என்றார்.

ஆனி பிறந்து செங்கோட்டைக் கணவாய்க் காற்று உள்ளே வந்ததும் சாரல் இறங்கும். அப்போது புல் வளர்கிற வேகத்தைப் பார்த்தால் எனக்குப் பயமாகவே இருக்கும். இன்று வெட்டினால் நாளை மறுநாள் கணுக்காலைத் தொடும். ஆனால் வெட்டவும் முடியாது. புல் ஈரமாக இருந்தால் மெஷினில் சோறு மாதிரி அப்பிக்கொள்ளும். கரண்டு வயர் வேறு ஈரத்தில் கிடக்கிறதே என்று நான் செருப்பு மேல் செருப்பு போட்டுக்கொண்டு நிற்பேன். ஏட்டம்மா மலையைப் பார்த்து, பதினோரு மணிக்கு அரை மணி நேரம் விட்டுக்கொடு, பிறகு நாள் முழுக்க நீயே பெய் என்று கேட்பார். சில நாள் சாரல் கேட்கும். கேட்காத நாளில் இரண்டு பேரும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கத்தரியால் வெட்டுவோம்.

சீசனில் புல்லுக்கு எதிரி ஆடுமாடு இல்லை, எண்ணெய். அருவிக்கரையில் மசாஜ் செய்துகொண்டு, உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் வழிய வழிய வந்து புல்லில் மல்லாந்துவிடுவார்கள். பச்சையாக இருந்தால் படுக்கத்தான் தோன்றும். நாலு நாள் கழித்துப் பார்த்தால் படுத்தவர் அச்சு அப்படியே மஞ்சளாகத் தெரியும், தலை, தோள், தொப்பை எல்லாம். ஒரு தடவை கையைத் தலைக்கு வைத்துக் கால்மேல் கால் போட்ட ஓர் ஆளே புல்லில் கிடந்தார். "ரெண்டாம் நம்பர் மதுரைக்காரரு" என்று ஏட்டம்மா பார்த்த மாத்திரத்தில் அடையாளம் சொன்னார். அந்த மதுரைக்காரர் ஆடி அமாவாசைக்குத் திரும்பவும் வந்தபோது, ஏட்டம்மா திட்டவில்லை. கூட்டிப்போய் அவருடைய உருவத்தை அவருக்கே காட்டினார். அந்த மனுஷன் வெட்கப்பட்டு, அது நான்தானா, இவ்வளவு தொப்பையா என்று கேட்டார். பேசி முடித்தார்கள். எண்ணெய்க்காரர்களுக்குக் கிணற்றடியில் ஒரு கல் பலகை. அந்தப் பலகையைப் போட்டுத் தந்தவர் அதே மதுரைக்காரர்.

வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்கு அருகம்புல் பறிக்க ஆட்கள் வருவார்கள். காலை நடை போகிறவர்கள் சாறு குடிக்க ஒரு பிடி கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்ல ஏட்டம்மாவுக்கு வாய் வராது. செங்கல் வரிசையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதை மட்டும் பறித்துக்கொள்ளுங்கள் என்றார். அதற்குப் பிறகு ஓரம் வெட்டுகிற வேலை எனக்கு இல்லவே இல்லை. பிள்ளையாரும் சர்க்கரை வியாதிக்காரர்களும் பார்த்துக்கொண்டார்கள்.

ஐப்பசி மழையில் புல்தரை குளமாகும். புல் அழுகிப்போகும் என்று நான் வாளியால் மொண்டு மொண்டு ஊற்றுவேன். கார்த்திகையில் சபரிமலைக்குப் போகிற சாமிமார்கள். குளித்துவிட்டு வந்து கறுப்பும் நீலமுமாக ஈர வேட்டிகளைப் புல்மேல் விரித்துவிடுவார்கள். மாலை போட்டவர்களை எப்படி விரட்டுவது? வெயில் படாமல் புல் வெளுத்துப்போகுமே என்று நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். ஏட்டம்மா தன்னுடைய பழைய விசிலைத் தேடி எடுத்து வந்தார். சாமி, தாராளமாகக் காயப் போடுங்கள், விசில் கேட்டால் ஓரடி நகர்த்திப் போடுங்கள் என்று பேசிக்கொண்டார். அரை மணிக்கு ஒரு தரம் விசில் ஊதுவார். நாற்பது சாமிகளும் சரணம் சொல்லிக்கொண்டே எழுந்து வேட்டியை ஓரடி நகர்த்துவார்கள். ரோட்டில் போகிற பஸ்ஸெல்லாம் மெதுவாகப் போகும்.

மார்கழியில் புல் வளராது. பனி மட்டும் இருக்கும். விடிந்ததும் ஏட்டம்மா செருப்பைப் படியில் விட்டுவிட்டு இறங்கி, கேட் வரைக்கும் போய்த் திரும்புவார். அப்போது அவர் யாரோடும் எதையும் பேசிப் பார்த்ததில்லை. காப்பி ஆறுகிறதே என்று நான் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். பனியில் அவர் கால் பட்ட இடம் மட்டும் கரும்பச்சையாக ஒரு கோடு போட்டிருக்கும்.

மாசி முடிந்தால் எனக்குக் கஷ்டகாலம். போர் தண்ணீர் நூலாகும். ரூமுக்குத் தண்ணீர் வேண்டும், புல்லுக்கு ஊற்ற முடியாது. பங்குனியில் பழுத்து, சித்திரையில் வைக்கோல் ஆகிவிடும். செத்துப்போச்சும்மா என்று நான் வருடா வருடம் சொல்வேன். "சாவல. மெடிக்கல் லீவுல இருக்கு" என்பார் அவரும் வருடா வருடம்.

அந்த மெடிக்கல் லீவு காலத்தில்தான் தம்பி வந்தார்.

தம்பி சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஏட்டம்மா அந்த ரூம்களைக் கட்ட வாங்கிய லோனுக்குத் தவணை கட்டுகிறவர் அவர்தான். இப்போது பஸ்ஸில் யார் வருகிறார்கள், எல்லாரும் காரில்தான் வருகிறார்கள். போன சீசனில் ஒரு கோயம்புத்தூர்க் குடும்பம் ரோட்டில் காரை நிறுத்த, யாரோ உரசிவிட்டுப் போய்விட்டார்கள். வண்டி நிறுத்த இடமே இல்லை என்று அவர்கள் போனில் எழுதிப் போட்டார்கள். அதைப் படித்தவர்கள் வேறு ரூமுக்குப் போனார்கள். புல்லை எடுத்துவிட்டு வாசல் முழுக்க சிமெண்ட் கல் பதித்துவிட்டால் எட்டுக் கார் நிற்கும். தம்பி இதையெல்லாம் போனில் பல தடவை சொல்லியிருந்தார். ஏட்டம்மாவும் பார்ப்போம் பார்ப்போம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் கான்ட்ராக்டரை வரச்சொல்லிவிட்டுத் தம்பியே கிளம்பி வந்துவிட்டார்.

கான்ட்ராக்டர் புளியங்குடிக்காரர். நல்ல மனுஷன். ஆடுகளை மிதிக்காமல் அளவு டேப்பை இழுக்கப் பார்த்தார். ஒரு கிடா டேப்பின் நுனியை வாயில் வைத்துக்கொண்டது. கிடைக்காரர் அதன் வாயிலிருந்து டேப்பை உருவித் தந்துவிட்டு, இப்படி ஓர் இடத்தில் கிடை போட்டதே இல்லை, ரோட்டு லைட்டு வெளிச்சத்தில் ஆடு ராத்திரி தூங்கவே இல்லை என்று ஏட்டம்மாவிடம் குறை சொன்னார். தம்பிக்குக் கோபத்தில் காது சிவந்தது.

"காஞ்சு போன புல்லுக்கு ஆட்டுக்கிடை. ஊரே சிரிக்கும்மா."

"சிரிக்கட்டும். நீ சொல்லு, என்ன செய்யணும்ங்கே?"

பேசி முடித்தார்கள். கல்லுக்கு முன்பணம் எதுவும் இப்போது கொடுப்பதில்லை. சாரல் தொடங்கி மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை தம்பி வருவார். அன்றைக்குக் கேட்டிலிருந்து ரூம் வாசல் வரைக்கும் செருப்பில்லாமல் நடந்து போகிற மாதிரிப் புல் இருந்தால், அதற்குப் பிறகு கல் என்ற பேச்சை எடுக்க மாட்டார். இல்லையென்றால் மறுநாளே வேலை ஆரம்பம். இப்படிச் சொன்னது ஏட்டம்மாதான். என்னைத் தவிர யாருக்கும் அதில் பயம் இருந்ததாகத் தெரியவில்லை. அருகம்புல் சாரலுக்கு முளைக்காமல் எங்கே போகும் என்றார்.

அவர் சொன்ன மாதிரியே சாரல் சரியாக வந்தது. இரண்டே வாரத்தில் வைக்கோல் நிறம் போய்ப் பச்சை ஏறியது. கிடை உரமும் சேர்ந்து அந்த வருடப் புல் மாதிரி நான் பார்த்ததில்லை. ஒரு நாள் காலையில் ஏட்டம்மா செருப்பை விட்டுவிட்டு இறங்கினார். நாலு எட்டு வைத்தவர் ஒற்றைக் காலில் நின்றார்.

குனிந்து பார்த்தோம். புல்லுக்கு நடுவில் இரண்டு இரண்டு இலையாக ஏதோ முளைத்திருந்தது. தொட்டாற்சுருங்கி மாதிரி இலை. தண்டில் இளசாக, மயிர் தடிமனில் முள். ஒன்று இரண்டு இல்லை. அரிசியைக் கொட்டின மாதிரிப் புல்தரை முழுக்க. சீமைக்கருவை.

கிடைக்காரரைப் போனில் பிடித்து, ஆடு எங்கே மேய்ந்தது என்று ஏட்டம்மா கேட்டார். வெயில் காலத்தில் வேறு என்னம்மா கிடக்கிறது, கருவை நெத்துதான் தின்றது என்றார் அவர். நெத்து என்றால் கருவையின் காய்ந்த காய். ஆடு அதைத் தின்னும். உள்ளே இருக்கிற விதை செரிக்காமல் புழுக்கையோடு விழும்.

ஏட்டம்மா போனை வைத்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்தார். விவசாயம் பண்ணுகிற சம்சாரி வீட்டில் பிறந்தவர், அவருக்குத் தெரியாததில்லை. "வயல்ல கிடை போட்டா அடுத்தாப்ல உழுவோம். மொளச்சதெல்லாம் மண்ணுக்குள்ள போயிரும். புல்ல யாருட்டி உழுவா? அத மறந்துட்டேனே" என்றார்.

அன்றிலிருந்து பிடுங்கினோம். கருவைக் குஞ்சு மேலே விரல் உயரம் இருந்தால் கீழே ஒரு சாண் வேர் இருக்கும். பாதியில் அறுந்தால் திரும்பவும் துளிர்க்கும். மழை ஈரத்தில் கத்தி முனையால் நெம்பி நெம்பி எடுத்தோம். இன்று சுத்தமாகிவிட்ட இடத்தில் நாளைக்குப் புதுசாக முளைத்திருக்கும். ஏட்டம்மா கருவையோடு எதுவும் பேசிப் பார்க்கவில்லை என்பதை நான் கவனித்தேன். அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தார். கான்ட்ராக்டரும் வந்திருந்தார். முக்கால்வாசி எடுத்திருந்தோம், மீதி புல்லுக்குள் கிடந்தது. கேட்டில் நின்று பார்த்தால் முள் தெரியாது, ஒரே பச்சை, அதன்மேல் சாரல் துளி. தம்பியே அதை ஒரு முறை முழுக்கப் பார்த்தார். பிறகு குனிந்து ஒரு ஷூவைக் கழற்றினார். முள் இளசுதான், சாக்ஸோடு நடந்தால் தெரியாது, வேகமாக நடந்தால் தெரியாது, கடவுளே இந்த ஆள் வேகமாக நடக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

"நில்லுலே" என்றார் ஏட்டம்மா. "முள்ளு கெடக்கு. கால வைக்காத."

எனக்கு உயிரே போய்விட்டது. ஏட்டம்மா ஒன்றையும் மறைக்காமல் கிடையிலிருந்து நெத்து வரைக்கும் சொன்னார். நடக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று பேசியது நான், நடக்கிற மாதிரி இல்லை, நீ கல்லைப் போட்டுக்கொள் என்றார். தம்பி ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் சாக்ஸுமாக நின்றார். ஜெயித்தவர் முகம் மாதிரி இல்லை அது.

கான்ட்ராக்டர்தான் நடுவில் புகுந்தார். "ஏட்டம்மா, இதுக்கு ஏன் இவ்வளவு. ஓட்டை வச்ச கல்லு வருது. ஓட்டைக்குள்ள புல்லு மொளைக்கும், மேல காரு நிக்கும். உங்களுக்கும் பாதி, தம்பிக்கும் பாதி."

எனக்கு மூச்சு வந்தது. இதைவிட நல்ல ராஜி உண்டா? ஏட்டம்மாவே யோசித்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார். தம்பியும் தலையை ஆட்டினார். எல்லாரும் ஏட்டம்மா முகத்தைப் பார்த்தோம்.

"வேண்டாம்" என்றார் ஏட்டம்மா.

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. சத்தமாகச் சொல்லவில்லை. கையிலிருந்த கத்தியின் மண்ணைச் சேலை நுனியில் துடைத்துக்கொண்டே பேசினார்.

"லீவு கேட்டா பாதி குடுப்பாவ, சரின்னு வாங்கிக்கிடுவேன். எங்கப்பா சொத்துல தம்பிமாருக்கு விட்டுக்குடுத்தது போக மிஞ்சின காட்டத்தான் வித்து இந்த எடம் வாங்கினேன். உங்கப்பா பட்டாளத்துல இருந்தாரு, வருசத்துல ரெண்டு மாசம் புருசன். உன்னக்கூட உங்காச்சிதான் வளத்தா, நான் டூட்டி முடிச்சு வந்து தூங்குத புள்ளையப் பாத்தேன். எல்லாத்துலயும் பாதிய வாங்கிட்டுச் சரி சரின்னு வந்துட்டேன். இதுல பாதி வேண்டாம்லே. போட்டா முழுசாக் கல்லப் போடு. விட்டா முழுசா விடு."

ரோட்டில் ஒரு வேன் பாட்டுப் போட்டுக்கொண்டு அருவிக்குப் போனது. கான்ட்ராக்டர் டேப்பைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்தார்.

தம்பி குனிந்து இன்னொரு ஷூவையும் கழற்றினார். சாக்ஸையும் கழற்றி ஷூவுக்குள் வைத்தார். பேன்ட்டை இரண்டு மடிப்பு மடித்தார். புல்லில் இறங்கி நடந்தார், கேட்டிலிருந்து ரூம் வாசல் வரைக்கும், அவசரமில்லாமல். இரண்டு இடத்தில் முகம் சுளித்ததை நான் பார்த்தேன். வாசல்படியில் உட்கார்ந்து ஒரு காலைத் தூக்கி மடியில் வைத்து, உள்ளங்காலைக் கையால் மூடிக்கொண்டார்.

"முள்ளு எங்கம்மா? ஒண்ணயும் காணோம்" என்றார்.

ஏட்டம்மா உள்ளே போய்ப் பின்னூசியும் தேங்காய் எண்ணெயும் எடுத்துக்கொண்டு வந்து, மகன் காலைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

கல் என்ற பேச்சு அதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். மறுநாள் காலையில் நான் வேலைக்குப் போனபோது ஏட்டம்மா கேட்டுக்குப் பக்கத்தில் முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். ரோட்டோரமாக நாலு கார் நிற்கிற அகலம். அந்த இடத்துப் புல்லைப் பத்தை பத்தையாகப் பெயர்த்து வைத்திருந்தார். எனக்குத் தலை சுற்றியது. நேற்றுத்தானே அம்மா பாதி வேண்டாம் என்று சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"நேத்து அவன் குடுக்கப் பாத்தான். இன்னைக்கு நான் குடுக்கேன்" என்றார். "முழுசும் எனக்குன்னு ஆயிட்டுல்லா? இனி எங்கிட்டருந்து யாருக்கு எவ்வளவு வேணும்னாலும் குடுப்பேன். அந்தக் கயித்த இழுத்துப் பிடி."

அந்த நாலு கார் இடத்துக்குக் கல் பதித்தவர் அதே கான்ட்ராக்டர்தான். அதற்குப் பிறகு வந்த சித்திரையில் என் வீட்டுக்காரருக்குப் புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் மூட்டை வேலை கிடைத்து, நாங்கள் இங்கே வந்துவிட்டோம். கருவை முழுசாகப் போயிற்றா, கோரை கல்லுக்கு உள்ளேயே இருக்கிறதா என்று யாராவது குற்றாலம் போனால் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

போன மாதம் மார்க்கெட் வாசலில் கான்ட்ராக்டரைப் பார்த்தேன். ஏட்டம்மா நன்றாக இருக்கிறார், தம்பி சீசனுக்குச் சீசன் வருகிறார், புல் நன்றாக இருக்கிறது என்றார். கல்லுக்குக் காசு எல்லாம் வந்துவிட்டதா என்று கேட்டேன். கேட்காமல் விட்டால் எனக்கு அன்றைக்குத் தூக்கம் வந்திருக்காது.

"எங்கன முழுசா வந்துச்சு? கேக்கப் போனா புல்லுல உக்காருங்கன்னு சொல்லுதாவ. காப்பி வருது. முறுக்கு வருது. நானும் அப்படியே மலையப் பாத்துக்கிட்டு இருந்துட்டு எந்திரிச்சு வந்திருதேன்."

பாக்கி எவ்வளவு என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துத்தான் சொன்னார்: நாலாயிரத்து எண்ணூறு.